பகல் தூக்கத்துக்கு ஒரு வீடு

எனக்குக் கோபம் வந்தால் புத்திக்கு முன்னால் வாய் ஓடும். அப்படி ஓடிய வாயால்தான் இந்த வைகாசியில் என் வீட்டையே பணயம் வைத்தேன்.

வீடு என்றதும் மாடி, பால்கனி என்று நினைத்துவிட வேண்டாம். ஒசூர் மூக்கண்டப்பள்ளியில், கம்பெனிகளுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு ஷீட் வீடு. ஒரு ஹால், ஒரு சமையலறை, பின்னால் பாத்ரூம். அப்பா கிருஷ்ணப்பன் நிலத்தைத் தம்பி சுரேந்தருக்கும் இந்த வீட்டை எனக்கும் எழுதிவைத்தார். கெலவரப்பள்ளியில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் ஃப்ரிட்ஜிலிருந்து குழம்புக் கரண்டி வரை எல்லாம் வேறு யாருடையதோ. 'காவேரி' என்று என் பெயரைப் போட்ட கரண்ட் பில் இந்த ஷீட் வீட்டுக்கு மட்டும்தான் வருகிறது. அந்தப் பில்லை நான் கட்டும்போது எனக்குள் ஒரு திமிர் வரும். அது எனக்குப் பிடிக்கும்.

ஆனால் குடி வருகிறவர்கள் நிலைப்பதில்லை. வருவார்கள், இரண்டு மூன்று மாதம் இருப்பார்கள், "வேற இடம் பாத்துட்டோம்க்கா" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். கடைசியாக இருந்த இரண்டு பையன்கள் வைகாசியில் காலி செய்த அன்று, என் கணவர் ஹரீஷ்குமார் பேச்சை ஆரம்பித்தார்.

"அந்த ஊட்டுக்கு ராசி இல்ல காவேரி. ராமப்பண்ணன் பக்கத்து மனையில டெம்போ ஷெட்டு போடறாரு. இதையும் சேத்துக் கேக்கறாரு. குடுத்துட்டு வேற எங்கனா நல்ல மனையா வாங்கிப் போடலாம்."

"யார் பேருல?"

"நம்ம பேருலதான்."

நம்ம என்றால் யார் என்று எனக்குத் தெரியாதா? வாய் ஓடியது. "ஆனி முடியறதுக்குள்ள அந்த ஊட்டுல யாரும் பால் காச்சலைன்னா நானே வந்து கையெழுத்துப் போடறேன், போங்க!"

எங்கள் பக்கத்தில் ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். பால் காய்ச்சிக் குடியேறுவது என்றால் ஆனிக்குள் ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஆவணி. ராமப்பனும் ஆடியில் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார். ஆக இரண்டு பேருக்கும் கெடு ஒன்றேதான். ஹரீஷ் சிரித்துக்கொண்டே "சரி" என்றார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், விட்ட வார்த்தையைத் திரும்ப விழுங்கிவிடலாமா என்று இருந்தது. வாயிலிருந்து போனது போனதுதான்.

சீட்டு எடுத்த பணம் கொஞ்சம் கையில் இருந்தது. அதற்குள் வீட்டை லட்சணமாக்குவது என்று இறங்கினேன். கார் கதவுக்குப் போடும் ரப்பர் பீடிங் செய்கிற கம்பெனியில் எனக்கு இன்ஸ்பெக்ஷன் வேலை. ஜெனரல் ஷிப்ட். சாயங்காலம் விட்டதும் ஸ்கூட்டியை நேராக மூக்கண்டப்பள்ளிக்கு விடுவேன்.

உள்ளே போய்ப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதித்தது. காலி செய்த பையன்கள் ஜன்னல் முழுக்க அட்டைப்பெட்டியைக் கிழித்து ஒட்டியிருந்தார்கள். ஓர் இடுக்கு விடவில்லை. வீடு குகை மாதிரி கிடந்தது. "எந்த ஊர்ப் புள்ளைங்கடா நீங்க, காத்து வெளிச்சம் வேணாமா?" என்று ஆளில்லாத வீட்டில் திட்டிக்கொண்டே பிளேடால் சுரண்டினேன். பசை அவ்வளவு லேசில் வரவில்லை. அவர்களுக்கு முன்னால் இருந்தவர்கள் ஒட்டிய பேப்பர் அதற்கும் அடியில் இருந்தது. அவர்களையும் சேர்த்துத் திட்டினேன்.

சுரண்டி முடித்ததும் அந்தப் பழைய ஜன்னலே வேண்டாம் என்று தோன்றிவிட்டது. இடிக்கிற வீடு ஒன்றிலிருந்து பெரிய கண்ணாடி ஜன்னலாக வாங்கிக் கிழக்குச் சுவரில் வைத்தேன். சுவருக்கு எலுமிச்சை மஞ்சள் பெயின்ட், நானே அடித்தேன். அதோடு விட்டேனா? கூரையில் உடைந்திருந்த ஒரு ஷீட்டை எடுத்துவிட்டு வெளிச்சம் இறங்குகிற ஃபைபர் ஷீட் போட்டேன். மறுநாள் காலையில் போய்க் கதவைத் திறந்தால் ஹால் தகதகவென்று இருந்தது. நான் கைதட்டியே விட்டேன். ஹரீஷ்கூட வந்து பார்த்துவிட்டு, "பரவால்லியே, கல்யாண மண்டபம் கணக்கா இருக்குதே" என்றார்.

டூலெட் போர்டு மாட்டினேன். வந்தார்கள், பார்த்தார்கள், "சூப்பரா இருக்குங்க" என்றார்கள், போனார்கள். போனவர்கள் போன் செய்யவில்லை. ஆனி பாதி கரைந்தது. ராமப்பன் தெருவில் என்னைப் பார்த்தால் புல்லட்டை நிறுத்தி ஹாரன் அடிப்பார். பாதி கன்னடம், பாதி தமிழ் பேசுகிற ஆள். "ஏனம்மா காவேரி, ஆள் சிக்கிச்சா? இல்லைன்னா சொல்லு, ஆனிக்குள்ள அட்வான்ஸ் ரெடி" என்பார். மோசமான மனிதர் இல்லை. ஆனாலும் அந்த ஹாரனைக் கேட்டால் ஆனியில் இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணுவேன்.

ஆனி முடியப் பத்து நாள்தான் பாக்கி என்கிறபோது, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு ஜோடி வந்தது. விமல்ராஜ், யுவஸ்ரீ. உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகள், வைகாசியில்தான் கல்யாணம். இரண்டு பேரும் வேறு வேறு கம்பெனி. இப்போதைக்கு அவன் சித்தப்பா வீட்டு ஹாலில் இருக்கிறார்கள். இரண்டு பேருடைய கண்ணும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. யுவஸ்ரீ சமையலறையைப் பார்த்தாள், குழாயைத் திறந்து பார்த்தாள், ஹாலுக்கு வந்து கூரையைப் பார்த்தாள். ஃபைபர் ஷீட் வழியாக வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்தது.

"வீடு அம்சமா இருக்குக்கா" என்றாள். "ஆனா நமக்குச் சரிப்படாது."

"ஏம்மா? என்னா கொறைச்சல்?"

"எங்க ரெண்டு பேருக்கும் நைட் ஷிப்டுக்கா. காலையில வந்து படுக்கிறவங்க. இங்க படுத்தா சூரியன் நெஞ்சு மேல ஏறி உக்காந்துக்கிரும்."

எனக்குச் சுருக்கென்று வந்தது. "வெளிச்சம் ஜாஸ்தின்னு ஊட்ட வேணாங்கிற ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றேன்.

விமல்ராஜ் சண்டை போடவில்லை. ஜன்னல் பக்கம் போய், கண்ணாடியைத் தட்டிப் பார்த்துவிட்டு சாதாரணமாகக் கேட்டான். "ஏன்க்கா, முன்ன இருந்தவங்க இதுல அட்டை ஒட்டி வைக்கலையா?"

நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தேன். காலை பத்து மணி. எதிர்வீட்டு ஜன்னலில் பழைய பிளக்ஸ் பேனர். அடுத்ததில் சிமென்ட் சாக்கு. அதற்கடுத்ததில் மடித்துக் கட்டிய போர்வை. ஒவ்வொரு வாசலிலும் செருப்பு கிடந்தது, ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. தெருவே தூங்கிக்கொண்டிருந்தது! நானும் ஜெனரல் ஷிப்ட், என் கணவரும் ஜெனரல் ஷிப்ட். ராத்திரி ஊரோடு படுத்துக் காலையில் ஊரோடு எழுந்திருக்கிற சொகுசில், இந்தத் தெருவில் யார் எப்போது தூங்குகிறார்கள் என்று நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. ராசி இல்லாத வீடாம். தூங்க விடாத வீட்டில் எவன் இருப்பான்? அந்தப் பையன்கள் ஒட்டிய அட்டையைச் சுரண்டி எறிந்துவிட்டு, கூரையிலும் ஒரு பொத்தலைப் போட்டு வைத்த புத்திசாலி நான்.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிட, காரணம் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் எனக்குக் கை கால் பரபரத்தது.

தெருமுனை வரை போய்விட்டவர்களை ஓடிப்போய்ப் பிடித்தேன். "அடுத்த ஞாயித்துக்கெழமை வாங்க. டூட்டி முடிஞ்சு நேரா வாங்க. ஊட்டுக்குக்கூடப் போகாதீங்க."

"பத்தலப்பள்ளியில ஒரு வீடு பாத்திருக்கோம்க்கா" என்று இழுத்தாள் யுவஸ்ரீ. "அடுத்த ஞாயிறு சாயங்காலம் அங்க அட்வான்ஸ் குடுக்கணும். ஆடி வந்துருதுல்ல."

"காலையில இங்க, சாயங்காலம் அங்க. போறதுன்னா அப்புறம் போங்க" என்றேன்.

அன்றைக்கு ஹரீஷிடம் சொன்னபோது அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "ஒரு மாசமா வெளிச்சத்துக்குச் செலவு பண்ண. இப்ப இருட்டுக்குச் செலவு பண்ணப் போறியா?"

"ஆமா. இருட்டு சல்லிசு."

சொல்லிவிட்டேனே தவிர, கையில் பணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை சாயங்காலம் சிப்காட் பின்னாலிருக்கிற ஸ்கிராப் கடைக்குப் போனேன். வெளிநாட்டு மிஷின் வந்த மரப்பெட்டிகள் மலையாகக் கிடந்தன. மூடிகள் நல்ல பிளைவுட், ஜன்னல் அளவுக்கே இருந்தன. அவற்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு மூலையில் கறுப்பாகச் சுருண்டு கிடந்ததைப் பார்த்தேன். கார் கதவு பீடிங்! இழுத்துப் பார்த்தால் நுனியில் சிவப்பு மை. எங்கள் கம்பெனி சிவப்பு மை. நீளம் அரை விரல் குறைகிறது என்று நானே ரிஜெக்ட் செய்து தள்ளிய லாட்டு அது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்! காருக்குள் தூசியும் சத்தமும் போகாமல் தடுக்கிற சாமான் வீட்டுக்கு மட்டும் தடுக்காதா? கடைக்காரர் எடை போட்டுக் கொடுத்தார். ஸ்கூட்டியில் முன்னும் பின்னும் கட்டிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

அந்த வாரம் எப்படி ஓடியது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பிளைவுட் மூடிக்குக் கீல் வைத்து ஜன்னலுக்கு உள்பக்கக் கதவாக மாட்டினேன். வேண்டுமென்றால் திறக்கலாம், மூடினால் வெளிச்சம் எட்டிப் பார்க்கக் கூடாது. ஓரமெல்லாம் பீடிங். வாசல் கதவைச் சுற்றியும் பீடிங். காற்றுக்காகப் பக்கச் சுவரின் மேலிருந்த வென்டிலேட்டரைத் திறந்துவிட்டு, வெளிச்சமும் தெருச் சத்தமும் நுழையாமல் வெளியே ஒரு தகரத்தைச் சாய்வாக அடித்தேன். கிறீச்சிடுகிற கேட்டுக்குக் கிரீஸ் வைத்தேன். ஜன்னலுக்குக் கீழே உறுமிக்கொண்டிருந்த தண்ணீர் மோட்டாரை ஹரீஷ் பின்பக்கம் மாற்றிப் போட்டார். "தோத்துட்டா அழக் கூடாது, அதுக்குத்தான் செய்யறேன்" என்றார். செய்தாரே, அது போதும் எனக்கு.

கூரைதான் பாக்கி. தகிக்கிற ஷீட்டுக்குக் கீழே எவ்வளவு இருட்டு இருந்தாலும் அது இட்லிப் பானைதான். சுரேந்தருக்குப் போன் போட்டேன். ராயக்கோட்டைப் பக்கத்தில் பாலிஹவுஸ் என்கிற பிளாஸ்டிக் குடில் போட்டு ரோஜா வளர்க்கிறான் அவன். வெயில் தாங்க மேலே கட்டுகிற ஷேட் நெட் வலையை இந்த வருஷம்தான் மாற்றியிருந்தான். பழையது சும்மா கிடந்தது. சனிக்கிழமை நான் லீவு போட்டேன். அவன் லோடு ஆட்டோவில் வலையையும் மூங்கிலையும் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

"அக்கா, ரோசாவுக்குக் கட்டறத மனுசனுக்குக் கட்டச் சொல்றியே!"

"ரோசா வாடுனா நீ பதர்ற. மனுசன் வாடுனா பரவால்லியா?"

"அது சரி. ஆடிக் காத்துல அம்மியே பறக்கும். இந்த வலை நிக்குமா?"

"நிக்கற மாதிரி கட்டு. அதுக்குத்தான் உன்னக் கூப்புட்டேன்."

ஷீட்டுக்கு மேல் ஒரு முழம் இடைவெளி விட்டு மூங்கில் நட்டு, வலையை இரண்டு மடிப்பாக இழுத்துக் கட்டினான். நான் பெருமையாகப் போட்ட ஃபைபர் ஷீட்டின் மேல் மட்டும் மூன்றாவதாக ஒரு மடிப்பு. மதியம் நல்ல வெயில் வந்தது. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். கார் கதவு சாத்துகிற மாதிரி 'தப்' என்று ஒரு சத்தம். அதன் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

கம்பெனியில் பீடிங்கை டெஸ்ட் செய்கிற மாதிரி, நடு ஹாலில் நின்று சுற்றிலும் பார்த்தேன். ஜன்னலின் கீழ் மூலையில் நூல் அளவு வெளிச்சம். கதவுக்கு அடியில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் மனசுக்குள் சிவப்பு மை வைத்தேன். ஒட்டி, மறுபடியும் சாத்தி, மறுபடியும் பார்த்தேன். என் கையே எனக்குத் தெரியவில்லை. தரை சில்லென்று இருந்தது. அந்த இருட்டுக்குள் தன்னந்தனியாக நின்று, "பாஸ்!" என்று கத்தினேன். வெளியே நின்ற சுரேந்தருக்குக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்றதும் இன்னும் சந்தோஷமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை. ஆனியின் கடைசி ஞாயிறு. விமல்ராஜும் யுவஸ்ரீயும் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்தார்கள். தோளில் டிபன் பாக்ஸ் பை. அவள் நின்றுகொண்டே கொட்டாவி விட்டாள்.

உள்ளே கூட்டிப்போய் ஜன்னல் கதவை மூடி, வாசல் கதவையும் சாத்தினேன். இருட்டில் யுவஸ்ரீயின் குரல் மட்டும் வந்தது. "அக்கா, கொஞ்சம் உக்காந்து பாக்கட்டா?"

"தாராளமா உக்காரு தாயி. நான் டீ வாங்கிட்டு வரேன்."

முக்குக் கடையில் டீ வாங்கிக்கொண்டு திரும்பிவந்து, கதவை ஒரு விரல் அளவு திறந்து எட்டிப் பார்த்தேன். யுவஸ்ரீ டிபன் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு வெறும் தரையில் படுத்திருந்தாள். விமல்ராஜ் சுவரில் சாய்ந்தவன் சாய்ந்தபடியே, கழுத்தில் ஐ.டி. கார்டோடு, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். நான் கதவைச் சாத்திவிட்டு இரண்டு டீயையும் கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்ல அழுகைதான்.

ஆனால் அவர்கள் இன்னும் 'சரி' என்று சொல்லவில்லையே. எழுந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, பத்தலப்பள்ளிக்குப் போய்விட்டால்?

அந்தப் பயத்தோடு இருக்கும்போதே ஹரீஷ் வண்டியில் வந்து இறங்கினார். "ராமப்பண்ணன் பின்னாடியே வராரு. இவங்க என்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. தூங்கறாங்க."

"ஊடு பாக்க வந்தவங்களா தூங்கறாங்க?" நம்பாமல் போய்க் கதவை மெதுவாகத் திறந்தார். உள்ளேயிருந்து குளுமை வந்து அவர் முகத்தில் பட்டிருக்கும். அங்கேயே நின்றார். அப்புறம், தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி, கதவைச் சாத்தினார். இரண்டு கையாலும்.

தெருமுனையில் ராமப்பனின் ஹாரன் கேட்டது. புல்லட் டுபுடுபுவென்று வந்துகொண்டிருந்தது. ஹரீஷ் ஓடினார். செருப்புக்கூடப் போடாமல் நடுத்தெருவில் ஓடி, இரண்டு கையையும் விரித்து வண்டியை மறித்து, சாவியைத் திருகி எடுத்தார். ராமப்பன் திகைத்துப்போய்விட்டார்.

"ஏன் தம்பி, ஏனாய்த்து? என்ன ஆச்சு?"

"மெதுவாங்ணா. காவேரி ஊட்டுல ஆளு தூங்கறாங்க."

"அப்ப நம்ம அட்வான்ஸு?"

"அத அவகிட்டதான் கேக்கணும்ணா. அது அவ ஊடு."

நான் படியில் உட்கார்ந்திருந்த இடத்துக்கு அந்தப் பேச்சு மெதுவாகத்தான் வந்தது. ஆனாலும் ஒரு எழுத்து விடாமல் கேட்டேன். ராமப்பன் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. அவர் ஒரு பெருமூச்சு விட்டு, என்ன நினைத்தாரோ, புல்லட்டை ஸ்டார்ட் செய்யாமல் ஹரீஷோடு சேர்ந்து முக்கு வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார்.

அப்புறம் ஹரீஷ் அங்கேயே காவல் உட்கார்ந்துவிட்டார். மைக் கட்டிய ஆட்டோ ஒன்று "ராயக்கோட்டைத் தக்காளி, ராயக்கோட்டைத் தக்காளி" என்று கூவிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தது. அதன் வாயை அடைக்க வழி தெரியாமல் ஒரு பை நிறையத் தக்காளி வாங்கிக்கொண்டு வந்து நின்றார். நாங்கள் இரண்டு பேரும் ஆறிப்போன டீயைக் குடித்தோம். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் உள்ளே கேட்காது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பேசவில்லை.

வெயில் சாய்ந்த பிறகுதான் கதவு திறந்தது. யுவஸ்ரீ தலையெல்லாம் கலைந்து வெளியே வந்தாள். வெளிச்சத்தைப் பார்த்ததும் பதறிவிட்டாள். "ஐயோ, மணி நாலா? மன்னிச்சுக்கங்கக்கா, சும்மா கண்ண மூடுனேன், அப்படியே... கல்யாணம் ஆனதுக்கப்புறம் இப்படி ஒரு தூக்கம் தூங்கவே இல்லக்கா." அவள் பின்னால் விமல்ராஜ் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றான்.

கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம். ஹரீஷ் தக்காளிப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

யுவஸ்ரீ புருஷன் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "ஏன்க்கா, ஆடிக்கு முன்னாடி நாளைக்கு நல்ல நாள்தானே? இங்க பால் எந்தக் கடையில நல்லா இருக்கும்?"

நான் பதில் சொல்வதற்குள் ஹரீஷ், "முக்குக் கடையில நானே காலையில வாங்கிட்டு வந்துடறேம்மா" என்றார்.